இருவாட்சி திருப்பி அனுப்பிய மரங்கொத்தி

மழை பிடித்தால் இலேசில் விடாத ஒரு மலைக்காட்டில், இருவாட்சிப் பறவை ஒன்று வாழ்ந்து வந்தது. அதன் தலையில் ஒரு கொம்பு; மனத்தில் அதைவிடப் பெரிய கர்வம்.

குழந்தைகளே, முட்டையிடும் காலத்தில் பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் சந்து மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண் பறவை பழம் ஊட்டும். நம் இருவாட்சியின் மனைவியும், இறகு முளைக்காத குஞ்சும் அப்படித்தான் உள்ளே இருந்தன.

ஒரு நாள் காலையில் காற்றடித்தபோது அந்த மரம் முனகியது. மரம் விழுந்துவிடுமோ என்று இருவாட்சி பயந்தது. வாசலை உடைத்துவிடலாம். ஆனால் வீணாக உடைத்தால் குஞ்சைப் பாம்பு விடாது.

முனகலைக் கேட்டு வந்த மரங்கொத்தி, அடிமரத்தை டொக் டொக்கென்று தட்டியது.

"அண்ணே, உள்ளே இற்றுப்போன சத்தம் கேட்கிறது. எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும்."

"நில். நீ என்ன படித்திருக்கிறாய்?"

"தொழிற்பள்ளியில் இரண்டு வருடம் மரம் தட்டிப் பழகினேன். சான்றிதழ் இருக்கிறது."

"பட்டம்?"

"இல்லை அண்ணே."

"என் வீட்டு விஷயத்தில் அரைகுறைப் படிப்பு ஆகாது. போய் வா."

மரங்கொத்தி போய்விட்டது. இருவாட்சி மூன்று மலை தாண்டிப் பறந்து, மரவியலில் பட்டம் பெற்ற மைனாவை அழைத்து வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அதற்குள் உச்சிவெயிலும் சாய்ந்துவிட்டது.

மைனா மரத்தைச் சுற்றிப் பார்த்தது, மேகத்தையும் பார்த்தது.

"இன்னும் ஒரு நாழிகையில் மேல்காற்று திரும்பும். உள்ளே இற்றிருந்தால் இந்த வகை மரம் அதைத் தாங்காது."

"இற்றிருக்கிறதா இல்லையா? அதைச் சொல்லுங்கள் ஐயா."

"தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனக்குத் தட்டத் தெரியாது. நான் படித்தது வேறு. இந்தப் பக்கம் மரங்கொத்தி யாரும் இல்லையா?"

இருவாட்சி உடனே தேடிப் பறந்தது. சுனைக்கரையில் மரங்கொத்தியைக் கண்டு, "தம்பி, வா" என்றது. மரங்கொத்தி ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பியது.

அது மறுபடி தட்டியது. பொந்துக்கு ஒரு முழம் கீழே சத்தம் மாறியது.

"இங்கேதான் முறியும். வாசலை உடைக்கிறேன். குஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள்."

மண் இறுகிக் கிடந்தது. கொத்தக் கொத்தத் துணுக்கு துணுக்காகத்தான் உதிர்ந்தது. காற்று திரும்பிவிட்டது. மரம் ஆடியது. ஒருவழியாக வாசல் திறந்ததும் இருவாட்சி குஞ்சைக் கவ்விக்கொண்டது. மனைவி வெளியே பாய்ந்தது. அடுத்த கணம், மரங்கொத்தி சொன்ன இடத்திலேயே மரம் முறிந்து விழுந்தது.

பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டது: "காலையிலேயே அந்தத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டதே. ஏன் நின்றுபோயிற்று?"

"தம்பியை நான்தான் திருப்பி அனுப்பினேன்" என்றது இருவாட்சி.

நீதி: எந்தப் படிப்பு உயர்ந்தது என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்று கேட்பதே அறிவு.