ஏரோப்பிளேன் ரோட்டுல தொலைஞ்ச தாலி

ஒரு ஊர்ல ஒரு ரோடு இருந்துச்சாம். எங்கயும் போகாத ரோடு. என்ன சிரிக்கிற? நெசமாத்தான். பொட்டக்காட்டுல தொடங்கும், கொஞ்ச தூரம் போயி பொட்டக்காட்டுலயே முடிஞ்சிரும். பஸ்ஸு வராது, லாரி வராது. ஆனா அகலம்னா அகலம், அப்படி ஒரு அகலம்.

ஏன்னு கேளு. ம்? வெள்ளைக்காரன் இருந்த காலத்துல பெரிய சண்டை ஒண்ணு வந்துச்சு. அப்போ ஏரோப்பிளேன் எறங்கணும்னு காட்டை வெட்டி, கல்லைக் கொட்டி, சிமெண்டைப் பூசிப் போட்ட ரோடு அது. 'டர்ர்ர்ர்'னு வரும், 'டர்ர்ர்ர்'னு போகும். அப்புறம் சண்டை ஓஞ்சுது. வந்தவங்க பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. ரோட்டை மட்டும் பாய் மாதிரி சுருட்டி எடுத்துட்டுப் போக முடியுமா? அது கெடந்துச்சு. ஊர்க்காரங்க அதுல மொளகாய் காயப் போட்டாங்க, புள்ளைங்க சைக்கிள் பழகுச்சுங்க. அவ்வளவுதான் அதுக்கு வேலை.

அந்த ஊர்ல பூமயிலு, பூமயிலுன்னு ஒருத்தி இருந்தா. கட்டிக் குடுத்த கொஞ்ச நாள்லயே அவ புருசன் காய்ச்சல்ல போயிட்டான், பாவம். அப்புறம் அவ அண்ணன் சோலைமுத்து வீட்டுக்கே திரும்பி வந்துட்டா. அண்ணன் பொண்டாட்டி பேரு வேலம்மா. பூமயிலுக்கு மதினி. அந்த மதினிக்கு வாய் கொஞ்சம் பெருசு, மனசு அதை விடப் பெருசு. ஆனா வாய்தான் முதல்ல வந்து நிக்கும். அவங்களுக்கு ஒரே பையன், தவசி. அவனை இடுப்புல தூக்கி, சோறு ஊட்டி, மூக்கு சிந்திவிட்டு வளத்ததெல்லாம் பூமயிலுதான். அவளுக்கு அவன்னா உசுரு.

அப்போ தவசிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. பொண்ணு பக்கத்து ஊரு ரஞ்சிதம். விடிஞ்சாக் கல்யாணம். பந்தல் போட்டாச்சு, வாழைமரம் கட்டியாச்சு. வேலம்மா வந்து மெதுவா சொன்னா.

"பூமயிலு, தப்பா நெனைக்காத. நாளைக்குத் தாலி கட்டுறப்ப நீ சமையக்கட்டுலயே இருந்துக்க. வர்றவங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க."

புருசன் இல்லாதவ நல்ல காரியத்துல முன்னாடி வந்து நிக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. எவன் வச்சான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிருப்பேன். பூமயிலு என்ன சொன்னா தெரியுமா?

"அதுக்கென்ன மதினி, சமையக்கட்டு சன்னல்ல இருந்து பாத்தா மணமேடை நல்லாத் தெரியும்"னு சிரிச்சா. சிரிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. வெங்காயமே உரிக்கல, கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு.

ம் சொல்லு. ம். முழிச்சிருக்கியான்னு பாத்தேன்.

அப்போ என்ன ஆச்சுன்னா, சோலைமுத்து டவுனுக்குப் போயி ஆசாரிகிட்ட தாலிய வாங்கிட்டு வர்றாரு. மஞ்சத்துணியில முடிஞ்சு, இடுப்பு மடியில சொருகிக்கிட்டு, 'தட தட தட தட'ன்னு மொபெட்டுல வீடு வந்து சேந்தாரு. மடியத் தொட்டாரு. இந்தப் பக்கம் தடவுனாரு, அந்தப் பக்கம் தடவுனாரு. வேட்டிய உதறுனாரு. பீடிக்கட்டு 'பொத்'துன்னு விழுந்துச்சு. தாலி விழல.

"ஆத்தாடி!"ன்னு வேலம்மா அப்படியே உக்காந்துட்டா.

வேற ஒண்ணு கடையில வாங்கிக்கலாம்ல? ஆகாது. அது நல்ல நாள் பாத்து, குலசாமிய வேண்டிக்கிட்டு, பொன்னுருக்கிச் செஞ்ச தாலி. அது போக, தாலி தொலைஞ்சிருச்சுன்னு பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா அபசகுனம்னு சொல்லிக் கல்யாணத்தையே நிறுத்திருவாங்க. காதும் காதும் வச்ச மாதிரி தேடணும். பொழுது சாயறதுக்குள்ள தேடணும்.

"எங்கய்யா போட்ட?"ன்னு வேலம்மா கேட்டா.

"ஏரோப்பிளேன் ரோட்டு முனையில வண்டி செயின் கழண்டுச்சு. குனிஞ்சு மாட்டுனேன். அங்கதான் விழுந்திருக்கும்"னு சோலைமுத்து கீழ பாத்துக்கிட்டே சொன்னாரு.

அண்ணன், மதினி, பூமயிலு, மூணு பேரும் ஓடுனாங்க. அங்க போயிப் பாத்தா, 'மே மே'ன்னு ஒரு பெரிய ஆட்டு மந்தை அப்பத்தான் கடந்து போயிருக்கு. எல்லா எடமும் மிதிபட்டு, மண்ணு பொடியாக் கெடக்கு. இதுல எங்க தேடுறது?

அப்போ ரோட்டோரம் ஒருத்தரு காலை நீட்டி உக்காந்திருந்தாரு. ஞானதுரைன்னு பேரு, மதுரைக்காரரு. லீவு நாள் ஆனா வந்துருவாரு. கையில ஒரு நீளக் கம்பு, கம்பு நுனியில தட்டு மாதிரி ஒரு வளையம். அதை மண்ணுக்கு மேல இப்படி இப்படி வீசிக்கிட்டே நடப்பாரு. மண்ணுக்குள்ள இரும்பு கெடந்தா மெஷினு 'கொர்ர்ர்'னு உறுமும். பித்தளை, செம்பு, வெள்ளி, தங்கம்னா 'கீங்ங்'னு பாடும். கோயில் வாசல்ல போலீஸ்காரங்க நம்ம மேல ஒரு குச்சிய வச்சுத் தடவுவாங்களே, அதுக்குப் பெரியப்பா இது. சண்டைக் காலத்துப் பொத்தான், தோட்டாக் கூடு, பழைய காசு, இதெல்லாம் தோண்டி எடுத்து, கழுவித் தொடைச்சு அடுக்கி வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அதுல அவருக்கு ஒரு சந்தோசம். ஆனா அன்னைக்கு அவரு தோண்டுன குழியில அவரே விழுந்துட்டாரு. கணுக்கால் இட்லி மாதிரி வீங்கிப் போச்சு.

"ஐயா, நீங்கதான் காப்பாத்தணும்"னு வேலம்மா கையெடுத்துக் கும்பிட்டா.

"என்னால நடக்க முடியலையேம்மா. மெஷினத் தர்றேன், நீங்களே தேடுங்க. ஆனா ஒண்ணு, இதுக்குக் காது ரொம்பக் கூர்மை. பிடிக்கிற ஆளு மேல உலோகம் இருக்கக் கூடாது."

முதல்ல சோலைமுத்து வாங்குனாரு. ஒரு எட்டு வச்சாரு, 'கொர்ர்ர்'. இன்னொரு எட்டு, 'கொர்ர்ர்'. என்னடான்னு பாத்தா செருப்புல ஆணி! செருப்பைக் கழட்டிப் போட்டாரு. வெயில்ல சிமெண்டு கொதிக்குது, 'ஐயோ அம்மா, ஐயோ அம்மா'ன்னு குதிச்சுக்கிட்டே போறாரு. மனுசன் குள்ளம் வேற, கம்பை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்காரு. வளையம் இடுப்புகிட்ட வந்துச்சு, 'கீங்ங்'! வெள்ளி அரைஞாண்.

"அதைக் கழட்டுங்க சார்."

"அரைஞாணையா? நடுரோட்டுலயா? வேற ஆளைப் பாருங்க"ன்னு கம்பைக் கீழ வச்சுட்டாரு.

அப்புறம் வேலம்மா வாங்குனா. வளையத்தைக் கால்கிட்ட கொண்டு வந்தாளோ இல்லையோ, 'கீங் கீங் கீங் கீங்'! "இங்கதான், இங்கதான்!"னு கத்திக்கிட்டே தோண்டுனா. ஒண்ணுமில்ல. தள்ளிப் போனா, 'கீங் கீங்'. அங்கயும் தோண்டுனா. ஒண்ணுமில்ல. அவ எங்க போனாலும் பாட்டு அவ கூடவே வருது!

ஞானதுரை சிரிச்சுட்டாரு. "அம்மா, உங்க கால்ல மெட்டி. அதைத்தான் அது பாடுது."

"மெட்டியக் கழட்டுறதா? தாலியத் தேட மெட்டியக் கழட்டுன பொம்பளை எந்த ஊர்லயாவது உண்டா?"ன்னு அவளும் வச்சுட்டா.

அப்போ ஞானதுரை கேட்டாரு. "கால்ல கையில ஒரு பொட்டு உலோகம் இல்லாத ஆளு யாரும் இல்லையா?"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பூமயிலு தூரமா நின்னுக்கிட்டு இருக்கா. தள்ளித் தள்ளி நின்னு பழகிப்போச்சு அவளுக்கு. கால்ல மெட்டி இல்ல, கொலுசு இல்ல, கையில வளையல் இல்ல. காது ஓட்டையில தோட்டுக்குப் பதிலா வேப்பங்குச்சி.

"அவளா? தாலி தேடுறதுக்கு அவளா?"ன்னு வேலம்மா வாய் முந்திக்கிட்டு வந்துருச்சு.

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. மண்ணுல இருக்கறது சத்தம் போடணும், ஆளு மேல இருக்கறது போடக் கூடாது. அம்புட்டுதான் அதுக்கு."

பூமயிலு வந்தா. கம்பை வாங்குனா. மெஷினு கப்சிப். ஒரு எட்டு, ரெண்டு எட்டு, பூனை மாதிரி சத்தமே இல்ல. 'என் புள்ள கல்யாணம் நிக்கக் கூடாது சாமி'ன்னு வேண்டிக்கிட்டே வீசுறா. ம்?

ம்னு சொல்லு. ம். அப்புறம்...

'கீங்ங்!' தோண்டுனா. பச்சை பூத்த பித்தளைக் குழல் ஒண்ணு வந்துச்சு. "தோட்டாக் கூடு! சண்டைக் காலத்தது!"ன்னு ஞானதுரை கால் வலியிலயும் துள்ளுனாரு. தாலி இல்ல.

அப்புறம் நடந்தா. 'கீங்ங்!' தோண்டுனா. வட்டமா ஒரு காசு, நடுவுல ஓட்டை. "ஓட்டைக் காலணா! சண்டைக்குச் செம்பு வேணும்னு காசுலயே ஓட்டை போட்டு மிச்சம் பிடிச்ச காலம் அது!"ன்னு அவரு கண்ணுல தண்ணி வராத குறை. அதுவும் தாலி இல்ல.

ரோட்டு முனை மொத்தமும் வீசி முடிச்சாச்சு. பொழுது எறங்குது. வேலம்மா அழ ஆரம்பிச்சுட்டா. பூமயிலு நின்னா. அண்ணன் மூஞ்சியப் பாத்தா. சின்னப் புள்ளையில இருந்து பாக்குற மூஞ்சி அது. பொய் சொன்னா மட்டும் கீழ பாக்குற மூஞ்சி. கிட்டப் போயி, யாருக்கும் கேட்காம கேட்டா.

"அண்ணே, நெசமாவே செயினா கழண்டுச்சு?"

சோலைமுத்து தலையச் சொறிஞ்சாரு.

"சொல்லுண்ணே. எங்க எறங்குன?"

"இல்ல பூமயிலு... டவுன்ல சர்பத்து குடிச்சேன். வர்ற வழியில அடக்க முடியல. அந்தா, அந்தக் கருவேல மரத்துக்குப் பின்னாடி... ஒண்ணுக்கு ஒதுங்குனேன். நல்ல காரியத்துக்குத் தாலி கொண்டு வர்றப்ப அப்படின்னு உங்க மதினிகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

ஏய், மெதுவா சிரி! தூங்குற எல்லாரும் எந்திரிச்சிருவாங்க.

பூமயிலு முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிப்பை அடக்குனா. நேரா கருவேல மரத்துக்குப் பின்னாடி போனா. வீசுனா. முள்ளு 'சரக் சரக்'குன்னு சேலையப் பிடிச்சு இழுக்குது. அப்போ ஒரு சத்தம். 'கீங்ங்ங்...'னு சன்னமா, பாட்டு படிக்கிற மாதிரி. மண்டி போட்டு மண்ணைத் தள்ளுனா. மஞ்சத்துணி எட்டிப் பாத்துச்சு. துணிக்குள்ள தாலி, மின்னிக்கிட்டு.

கையில எடுத்தவ அப்படியே மார்ல வச்சுக்கிட்டா. எத்தனை வருசம் ஆச்சு, ஒரு தாலிய அவ தொட்டு! அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. அப்புறம் திடுக்குன்னு ஞாபகம் வந்து, "மதினி, நான் தொட்டுட்டேனே"ன்னா.

வேலம்மா ஒண்ணும் பேசல. அவ பேசாம இருந்தது ஊருக்கே அதிசயம். தாலிய வாங்கி, வீட்டுக்குப் போயி, மஞ்சத் தண்ணியில கழுவு கழுவுன்னு கழுவுனா. ஏன்னா அதுக்குள்ள புருசன்கிட்ட உண்மையக் கறந்துட்டா! ஞானதுரைக்கு மஞ்சப் பத்துப் போட்டு, காலைச் சுத்தித் துணி கட்டி, பந்தல்ல உக்கார வச்சாங்க. அவரு அந்த ஓட்டைக் காலணாவ பூமயிலு கையிலயே குடுத்துட்டாரு. "தோண்டுனது நீங்க, வச்சுக்கங்க"ன்னாரு. அவருக்கு அதைப் பிரிய மனசே இல்ல, ஆனாலும் குடுத்தாரு.

விடிஞ்சுது. 'பீப்பீ டும்டும்! பீப்பீ டும்டும்!' தட்டுல தேங்காய், தேங்காய் மேல தாலி. எல்லாரும் தொட்டுக் கும்பிடத் தட்டு சுத்தி வருது. பூமயிலு சமையக்கட்டுல, கையில கரண்டியோட, சன்னல் வழியா எட்டி எட்டிப் பாக்குறா. பாத்தா, தட்டு இந்தப் பக்கம் வருது! வேலம்மாதான் தூக்கிக்கிட்டு வர்றா.

முன்வரிசையில ஒரு கெழவி. "ஏ வேலம்மா, தாலித் தட்டை எங்கடி கொண்டு போற? அவ தொட்டா ஆகுமா?"

வேலம்மா நின்னா. அவ வாய் முதல்ல வந்து நிக்கும்னு சொன்னேன்ல? வந்து நின்னுச்சு. பந்தல் அதிர்ற மாதிரி சொன்னா.

"ஆகுமாவா? எம்புருசன் ஒண்ணுக்குப் போன எடத்துல கெடந்துச்சு இந்தத் தாலி! அதுக்கே ஆகும்ங்கிறப்போ, என் புள்ளைய வளத்தவ கை பட்டா ஆகாதா? தேடிக் குடுத்தவளே அவதான்! அவ தொடாம இன்னைக்குத் தாலி கட்டு இல்ல!"

மேளக்காரரு கை அந்தரத்துல நிக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க ஒருத்தரை ஒருத்தரு பாக்குறாங்க. அவ்வளவுதான், கல்யாணம் நின்னுச்சுன்னு பூமயிலு கண்ணை மூடிக்கிட்டா.

அப்போ 'களுக்'குன்னு ஒரு சிரிப்பு. யாரு? மணமேடையில ரஞ்சிதம்! மாலை குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறா. பொண்ணே சிரிச்சப்புறம் அவ வீட்டுக்காரங்க என்ன செய்ய? அவங்களும் சிரிச்சாங்க. பந்தலே சிரிச்சுச்சு. சோலைமுத்து மட்டும் வாழைமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரு.

"அத்தை, சீக்கிரம் வாங்க அத்தை, நேரமாகுது!"ன்னு தவசி கூப்பிட்டான்.

பூமயிலு வந்தா. தாலியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்புறம் திரும்பிப் போகப் பாத்தா, வேலம்மா கையப் பிடிச்சு மணமேடை ஓரத்துலயே நிறுத்திட்டா. 'பீப்பீ டும்டும் டும்டும்!' தவசி தாலி கட்டுனான். அவ்வளவு கிட்டத்துல நின்னு பாத்தா பூமயிலு, கரண்டியக் கீழ வைக்கக் கூட மறந்துட்டு.

அந்த ஓட்டைக் காலணா என்ன ஆச்சா? மறுவருசம் தவசிக்குப் பொண்ணு பொறந்துச்சு. அது அரைஞாண் கயித்துல பூமயிலு கோத்துக் கட்டிவிட்டா. ஞானதுரை மெஷினத் தூக்கிக்கிட்டு வந்தாருன்னா, அந்தக் குட்டி வாசல் வரைக்கும் தவழ்ந்து வரும். உடனே மெஷினு 'கீங்ங்'னு பாடும். குட்டி கைதட்டும்.

ம்? ம் வரலையே. சரிதான்.

மெஷினும் பாடி முடிச்சுது, ரோடும் ஓஞ்சு படுத்துருச்சு, கதையும் முடிஞ்சுது. தூங்கு, கண்ணு.