பெருச்சாளி புதுக்கிய சமையற்கட்டு

குளத்தங்கரையில் ஒரு புங்கமரம். அதனடியில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு பெருச்சாளிக் குடும்பம். அப்பா கூர்ப்பல்லன், அம்மா மணிவாலி, குட்டிகள் நான்கு.

வளையின் கோடியில் சமையற்கட்டு. மழைக்காலத்துக்கான நெல்லை மணிவாலி அங்கேதான் குவித்து வைத்திருந்தாள். வயலிலிருந்து ஒவ்வொரு கதிராக வாயில் இழுத்து வந்த நெல். மழை பிடித்துக்கொண்டால் எங்கேயும் இரை கிடைக்காது. நான்கு குட்டிகளின் உயிரும் அந்தக் குவியலில்தான் இருந்தது.

"என்னங்க, மழைக்கு முன்னால வாசல்ல ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிக் கொடுங்க. தண்ணி உள்ள வராம இருக்கும்" என்றாள் மணிவாலி.

"வாய்க்காலா? அது கிடக்கட்டும்! சமையற்கட்டையே புதுசா மாத்திடறேன். உங்க அண்ணன் வந்து பார்த்தா வாயைப் பிளக்கணும்!"

முதல் நாள் சுவரைக் குடைந்து ஒரு பரண் அமைத்தான். அது கோணிக்கொண்டு நின்றது. வைத்த நெல்லெல்லாம் சரிந்து குட்டிகளின் தலையில் கொட்டியது. இரண்டாம் நாள் தோண்டிய மண்ணைத் தள்ளித் தள்ளி வாசலையே அடைத்துவிட்டான். குடும்பமே உள்ளே மூச்சுத் திணறியது. பக்கத்து வளை நண்டுதான் வெளியிலிருந்து பறித்து வழி விட்டது.

ஆனாலும் மூன்றாம் நாள் சமையற்கட்டு இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. குட்டிகள் உருண்டு புரண்டு விளையாடின. மணிவாலிக்கே கொஞ்சம் சந்தோஷம்தான்.

அத்தோடு விட்டானா? கூரைக்குக் குறுக்கே ஓடிய தடித்த வேர் அவன் கண்ணை உறுத்தியது.

"இதை அறுத்துட்டா நீ நிமிர்ந்து நடக்கலாம்!"

"ஐயோ, வேண்டாங்க! மேல் மண்ணை அதுதான் தாங்குது. எனக்குக் குனிஞ்சு நடந்தே பழகிப்போச்சு!"

"உனக்காகத்தானே பாடுபடறேன்? குறுக்கே பேசாதே!"

காலை முழுக்கக் கடித்து வேரை அறுத்தான். பிறகு அவளைக் கூப்பிட்டு நிமிர்ந்து நடக்கச் சொன்னான். அவள் நடந்து காட்டினாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலையே மழை கொட்டியது. வாய்க்கால் இல்லாத வாசல் வழியே தண்ணீர் புகுந்தது. தாங்க வேரில்லாத கூரை ஈரத்தில் ஊறிப் பொத்தென்று விழுந்தது. மணிவாலி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். நெல்லைக் கவ்வ இன்னொரு வாய் ஏது அவளுக்கு?

மழை தொடங்கிய எட்டாம் நாள் தண்ணீர் வடிந்தது. மண்ணைப் பறித்துப் பார்த்தார்கள். நெல் அழுகி நாறியது. அழுகாதது முளைவிட்டிருந்தது.

"பார்த்தியா, வீட்டுக்குள்ளேயே வயல்!" என்று சிரித்தான் கூர்ப்பல்லன்.

யாரும் சிரிக்கவில்லை. "அம்மா, பசிக்குது" என்றது கடைக்குட்டி.

அவனுக்குச் சுருக்கென்றது. உடனே மணிவாலி மேல் பாய்ந்தான். "நீ அப்பவே அழுத்திச் சொல்லியிருக்கணும்!"

மணிவாலிக்கு நெஞ்சு எரிந்தது. வாசலுக்குப் போய், தானே அந்த வாய்க்காலை வெட்டினாள். குட்டிகள் அழுது முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. காப்பாற்றத்தான் உள்ளே ஒன்றும் இல்லை.

கேட்ட சிறு உதவியைச் செய்யாமல், கேட்காத பெரிய உதவியைச் செய்பவர், பிறருக்காக அல்ல, தம் பெருமைக்காகவே உழைக்கிறார்.