தீவு வாங்கிய நீர்நாய்

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு. அதன் நடுவே ஒரு மடு. மடுவின் கரையில் நுரையன் என்ற நீர்நாயும் அவன் மனைவி குவளையும் வளை தோண்டி வாழ்ந்தார்கள். வளைக்குள் இன்னும் கண் திறக்காத மூன்று குட்டிகள்.

மடுவில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் காலையும் மாலையும் அதே மடவை மீனைத் தின்று நுரையனுக்கு அலுத்துவிட்டது. அலுத்துப்போனவனைத் தரகர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இந்தத் தரகர் ஒரு நீர்க்காகம். பெயர் கடல்சுற்றி. மடுவின் மேல் சாய்ந்து நின்ற தில்லை மரத்தில் முப்பது நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றில் இவருக்குத்தான் வாய் நீளம். ஈரச் சிறகை அகல விரித்துக் காயவைத்தபடியே பேசுவார். கேட்பவருக்கு அவர் ஏதோ வரைபடத்தை விரித்துக் காட்டுவதுபோல் இருக்கும்.

"மாப்பிள்ளை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு. முதலை இல்லை, வலை இல்லை. மீன் தானாவே கரைக்கு வந்து படுத்துக்கும். தெற்குக் கரை மட்டும்தான் பாக்கி" என்றார் கடல்சுற்றி.

"அவ்வளவு தூரம் எப்படி நீந்துறது, மாமா?"

"நீ எதுக்குப் போகணும்? வாங்கிப் போட்டு வை. அங்கே இருக்கிற கொக்குகளுக்கு வாடகைக்கு விடுவோம். வாடகை மீனை நான் கொண்டுவந்து தர்றேன். வயசான காலத்துல குடும்பத்தோட போய்க் காலை நீட்டிப் படு."

இந்த இடத்தில் அந்தக் காட்டின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே பத்திரமும் கிடையாது, வேலியும் கிடையாது. எச்சம்தான் பத்திரம். யாருடைய எச்சம் கிடக்கிறதோ அவருக்கே இடம் சொந்தம். ஆறு நாள் எச்சமில்லாமல் கிடந்தால், அடுத்து இடுபவருக்குச் சொந்தம். முகம் சுளிக்க வேண்டாம். இந்தப் பத்திரத்தைப் படிக்க வக்கீல் வேண்டியதில்லை, மூக்கு போதும். நமக்கு அந்த வசதி இல்லை.

மடுக்கரைப் பாறையில் நுரையன் தினமும் எச்சமிடுவான். வளை உட்பட மடு முழுவதற்கும் அந்தப் பாறைதான் பத்திரம். அதனால் மடு அவர்களுடையதாக இருந்தது.

"உன் எச்சத்தை இலையில மடிச்சுக் குடு. தீவுல வச்சுட்டு வர்றேன். போக மூணு நாள், வர மூணு நாள். அதுவரைக்கும் இங்கே பாறையில போட்டுடாதே. ஒருத்தனுக்கு ரெண்டு இடமான்னு கேள்வி வரும். சும்மா ஒரு சம்பிரதாயம்தான். புதர்ப் பக்கம் ஒதுங்கிக்கோ" என்றார் கடல்சுற்றி.

"குவளைகிட்டே ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

"எல்லாம் முடிஞ்சதும் சொல்லு. ஆச்சரியப்படுவா."

நுரையன் மடித்துக் கொடுத்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு வளைக்குள்ளேயே கிடந்த குவளைக்கு ஒன்றும் தெரியாது. கடல்சுற்றி பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு கழிமுகத்தின் அடுத்த வளைவு வரை பறந்து, அங்கே நட்டிருந்த ஒரு கம்பின்மேல் ஆறு நாள் உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் நாள் காலையில் முப்பது நீர்க்காகங்களும் இறங்கிப் பாறையை வெள்ளையடித்துவிட்டன. கடல்சுற்றி வளைவாசலில் ஒரு மீனைப் போட்டார்.

"முதல் வாடகை, மாப்பிள்ளை. இனி இந்த மடு எங்களோடது. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க."

குவளை வெளியே வந்தாள். புருஷன் தலையைச் சொறிந்துகொண்டே நடந்ததைச் சொன்னான். அவள் மீனைப் புரட்டிப் பார்த்தாள்.

"மூணு நாள் கடல் தாண்டி வந்த மீனுக்கு இன்னும் செவுள் அசையுதே, மாமா."

"நல்ல தீவு, அம்மாடி. அந்தத் தண்ணி அப்படி."

நுரையன் தாழ்ந்த குரலில், "விடு, குவளை. வழக்கம்னா வழக்கம்தானே. வேற இடம் பார்க்கலாம்" என்றான்.

"குட்டிகளுக்குக் கண்ணே திறக்கலை. நீந்தத் தெரியாது. தூக்கிட்டு எங்கே போறது, உங்க தீவுக்கா? நான் இந்த வாசலை விட்டு நகர மாட்டேன்."

"வழக்கத்தை மீறுறியா?" என்று கடல்சுற்றி கழுத்தை நீட்டினார்.

"மீறலை. ஒண்ணு கேட்டுக்குறேன். இவர் தீவுக்குப் போகலை. நீங்க எச்சத்தைத் தூக்கிட்டுப் போய் வச்சீங்க. அது செல்லுமா?"

செல்லாது என்றால் தீவு வியாபாரமே பொய்யாகிவிடும். "செல்லும்" என்றார் கடல்சுற்றி. "நடந்து போய் வச்சாலும் செல்லும், கொடுத்தனுப்பி வச்சாலும் செல்லும்."

"தூக்கி எறிஞ்சாலும்?"

"எப்படிப் போய்ச் சேர்ந்தா என்ன? செல்லும்."

"முப்பது பேரும் கேட்டுக்குங்க. இன்னொண்ணு. உங்க கூட்டுக்குள்ளே எச்சம் உண்டா?"

நீர்க்காகங்கள் சிலிர்த்துக்கொண்டன. "சீச்சீ. எங்களை யாருன்னு நினைச்சே? கூட்டு விளிம்புல திரும்பி உட்கார்ந்து, வெளியேதான் பீச்சுவோம். கூடு கட்டின நாள்லேருந்து உள்ளே ஒரு சொட்டு விழுந்ததில்லை."

"அப்போ ஆறு நாளுக்கு மேலேயே ஆச்சு" என்றாள் குவளை.

அவள் வளைக்குள் போனாள். மூன்று குட்டிகள் இருக்கும் வீட்டில் அந்தச் சரக்குக்குப் பஞ்சமா? சேற்றோடு பிசைந்து உருட்டி எடுத்துவந்து, சாய்ந்த தில்லை மரத்தைக் குறி பார்த்து எறிந்தாள். முதல் உருண்டை முதல் கூட்டில் விழுந்தது.

"இது என்னோடது."

இரண்டாவது விழுந்தது. "இதுவும் என்னோடது."

நுரையன் ஒரு கணம் வாய் பிளந்து நின்றான். பிறகு ஓடிப்போய் அவனும் சேறு பிசைந்தான். ஆறு நாள் புதரில் ஒதுங்கிய அவமானம் அவன் கைக்கு நல்ல பலம் கொடுத்தது.

"ஐயோ, முட்டை!" என்று கதறியது ஒரு பெண் நீர்க்காகம்.

"முட்டை உங்களோடதுதான். கூடுதான் என்னோடது. சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்கிட்டுக் காலி பண்ணிடுங்க."

பெண் நீர்க்காகம் கடல்சுற்றியின் தலையில் ஒரு கொத்து கொத்தியது. "டேய், கொடுத்தனுப்பின எச்சம் செல்லாதுன்னு சொல்லித் தொலைடா!"

கடல்சுற்றி விரித்த சிறகை முதல்முறையாக மடக்கினார். "செல்லாது."

"அப்போ தீவு?" என்றாள் குவளை.

"இல்லை."

"இந்த மீன்?"

"உங்க மடுவுல பிடிச்சது."

"தீவு பொய்னா, அதைச் சொல்லி வாங்கின ஆறு நாளும் பொய். பாறையைக் கழுவிக் குடுங்க. அதுவரைக்கும் நான் எறியறதை நிறுத்த மாட்டேன்."

இன்னும் பல கூடுகள் பாக்கி இருந்தன. முப்பது நீர்க்காகங்களும் மடுவில் முழுகி எழுந்து, ஈரச் சிறகால் பாறையைத் துடைத்தன. கடல்சுற்றிக்கு ஓரத்து இடுக்குகள் ஒதுக்கப்பட்டன. உச்சி வெயிலுக்குள் பாறை கறுத்துப் பளபளத்தது.

குவளை நுரையனைத் திரும்பிப் பார்த்தாள். "நிக்கிறீங்களே. போய் வேலையைப் பாருங்க."

நுரையன் பாறைமேல் ஏறி, காடு முழுக்கப் பார்க்க உட்கார்ந்தான்.

கால் வைத்துப் பார்க்காத இடத்துக்காகக் கால் ஊன்றியிருக்கும் இடத்தைக் கொடுக்காதே. கொடுத்து ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு ஒதுங்காமல் திரும்ப வாங்கும்வரை வாசலிலேயே நில்.