ஓட்டை எண்ணிய ஓணான்

கோடையில் வற்றிய குட்டையில், ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது. ஆமையும் ஓணானும் தண்ணீர்ப் பாம்பும் அதைக் குடித்துப் பிழைத்துவந்தன.

ஒருநாள், வெடித்துக் கிடந்த சேற்றில் ஓணான் சில பழைய மண்டையோடுகளைக் கண்டெடுத்தது. அன்றே அது அறிஞனாகிவிட்டது.

"கண்குழிக்குப் பின்னால் பாருங்கள்! என் முன்னோருக்கு இரண்டு ஓட்டை. இனி இரண்டு ஓட்டைக்காரர்களுக்கே இந்தத் தண்ணீர்!" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னது.

அவற்றில் பாம்பு மண்டையோடு ஒன்றைப் புரட்டிவிட்டுப் பாம்பைக் கேட்டது: "உனக்கு ஓட்டையைக் காணோமே?"

"ஓட்டை பெரிதாகிப் பெரிதாகிச் சுவரே இடிந்துபோச்சு, அண்ணே! இதைவிட உயர்ந்த ஓட்டை உண்டா?"

"உண்மைதான்! நீ நம்ம ஆள்!"

அடுத்தது ஒரு ஆமை மண்டையோடு. அதில் ஓட்டையே இல்லை. "ஆமையே, நீ வேற்றினம். கிளம்பு!"

ஆமை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. "அது என் அம்மா, தம்பி."

"ஆராய்ச்சியில் அம்மாவெல்லாம் கிடையாது!"

"தண்ணீர் இல்லாமல் நான் செத்துப்போவேனே!"

"போயேன். இன்னொரு சான்று கிடைக்கும்!"

ஆமை கரையேறி, ஒரு முள்புதரின் நிழலில் ஒடுங்கியது. மூன்று நாள் தொண்டை வறண்டது.

நான்காம் நாள், இந்த ஓட்டைக் கணக்கைக் கேள்விப்பட்டு ஒரு மயில் வந்தது. "என் முன்னோருக்கும் இரண்டு ஓட்டைதான். உறவுக்காரி வந்திருக்கிறேன்!"

"தம்பி, அவள் அலகைப் பார்!" என்று புதரிலிருந்து ஆமை கத்தியது.

"எங்கள் குடும்பத்துக்குள் நீ பேசாதே!" என்றது ஓணான். "வா அக்கா, வா!"

அக்கா வந்தாள். முதலில் பாம்பை விழுங்கினாள்.

ஓணான் விழுந்தடித்துப் புதருக்கு ஓடிவந்தது. ஆமை கால்களை ஊன்றி உடலைத் தூக்கியது. "என் வயிற்றுக்கடியில் நுழைடா, சீக்கிரம்!"

ஓணான் நின்றது. ஓட்டையில்லாதவரிடம் ஒதுங்கலாமா? தலையை ஆட்டி ஆட்டி யோசித்தது. மயிலுக்கு அந்த யோசனை இல்லை.

வயிறு நிறைந்த மயில் பறந்துபோனது. ஆமை மெல்ல இறங்கித் தண்ணீர் குடித்தது. அதற்குத் தண்ணீர் இப்போது தாராளம். பேசத்தான் ஆளில்லை.

எலும்பைப் பார்த்து உறவைப் பிரிப்பவர்கள், பக்கத்திலிருக்கும் துணையைத் துரத்திவிட்டுப் பகையை வரவேற்று உட்காரவைப்பார்கள்.