ரெத்தினபாய் வீட்டு முந்திரிக்கொத்து

கருணைபுரம் சபைக்கு மாசிலாமணி ஐயர் குருவானவர். அவரிடம் ஊழியம் பழக வந்த ஞானசிகாமணி, ஐயரைவிட மூன்று வயது மூத்தவர். ஆயுசெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு அங்கி போட ஆசைப்பட்டவர். ஐயர் அவரை 'சார்' என்பார். அவர் ஐயரை 'ஐயா' என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திணறித்தான் போவார்கள்.

அன்று கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். மறுநாள் விடியற்கால ஆராதனையில் பிரசங்கம் ஞானசிகாமணிக்கு. அதுதான் அவருடைய முதல் பிரசங்கம். வேதத்தில் சாஸ்திரிகள் தொழுவத்துப் பாலகனுக்குப் பொன் கொண்டுவந்த பகுதியை எடுத்திருந்தார். எடுத்தாரே தவிர, முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது.

ஐயர் தாம் குடியிருக்கும் குருமனை வாசலில் ஏணி போட்டு கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்குள் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும் சார். அந்த வயரைப் பிடிச்சுக்கிட்டே கேளும்."

"நம்மகிட்ட இருக்கது எல்லாமே கடவுள் தந்தது. அப்படின்னா அவருக்குக் கொடுக்க நம்மகிட்ட என்னதான் இருக்கு?"

ஐயர் பல்பைத் திருகினார். எரியவில்லை. எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள போயி தங்கபாய்க்கு ஒத்தாசை பண்ணும். தட்டெல்லாம் அப்படியே கிடக்காம்."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று முனகிக்கொண்டே ஞானசிகாமணி உள்ளே போனார்.

அடுக்களையில் ஐயரின் மனைவி, ஊர் ஐயரம்மா என்று அழைக்கும் தங்கபாய், முறுக்குச் சட்டியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை முழுக்கத் தட்டுகள். பண்டிகைக்கு முந்தின நாள் சபையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஐயர் வீட்டுக்குப் பலகாரத் தட்டு வரும். தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது. வேறு பண்டம் வைத்துத் துணி மூடி அனுப்ப வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துராதிய சார்," என்றாள் தங்கபாய். "ஒரு வீட்டுப் பண்டம் அதே வீட்டுக்குத் திரும்பிப் போயிரக் கூடாது. போச்சுன்னா, உங்க பலகாரம் எங்களுக்கு ஆகலன்னு அர்த்தம்."

"அது எப்படிம்மா போகும்?" என்றார் ஞானசிகாமணி.

ஆய்வுக்கூடத்தை ஆண்ட கை சும்மா இருக்குமா? எல்லாத் தட்டையும் கவிழ்த்தார். முறுக்கு ஒரு டின், அதிரசம் ஒரு டின், முந்திரிக்கொத்து ஒரு டின் என்று வகை பிரித்தார். தட்டுகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினார். பார்க்கவே அழகாக இருந்தது. எது எந்த வீட்டுப் பண்டம் என்பது மட்டும் கடவுளுக்கே வெளிச்சம்.

ஐயரம்மா சட்டியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"சார், அந்த நீலப்பூத் தட்டு ரெத்தினபாய் அக்காளுக்குள்ளது. அதுல இருக்கதுலயே நல்லதாப் பாத்து வையுங்க. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தா நல்லது."

காரணம் அவருக்கும் தெரியும். ரெத்தினபாய் ஒரு காலத்தில் கோயிலில் பாட்டெடுத்துக் கொடுத்தவள். அவள் எடுத்தால் ஆர்மோனியம் பின்னால் ஓடி வரும். போன ஐயர் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான், "இது பாட்டா, கூப்பாடா?" என்று கேட்டுவைத்தான். அன்றைக்குப் போனவள்தான். கோயிலுக்கும் வரவில்லை, குருமனைக்குத் தட்டும் வரவில்லை. மூன்று கிறிஸ்மஸ் அப்படியே போனது. இன்றைக்குத்தான் அந்த நீலப்பூத் தட்டு வாசலேறி வந்திருக்கிறது. நாளை விடியற்காலம் அவளும் வருவாள் என்று ஐயர் வீட்டில் ஒரே நம்பிக்கை.

ஞானசிகாமணி டின்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துப் பொறுக்கினார். முந்திரிக்கொத்து டின்னில் கை நின்றது. பயற்றுமாவு உருண்டைகளை ஒட்டிப் பொரிக்கிற பண்டம் அது. மற்றதெல்லாம் மூன்று உருண்டை ஒட்டியது. சிலது மட்டும் நான்கு உருண்டை ஒட்டி, பொன்னிறமாக, உடையாமல் இருந்தது. சுக்கு வாசம் மூக்கில் ஏறியது. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். அதையே தட்டு நிறைய அடுக்கிக் கொண்டுபோனார்.

ரெத்தினபாய் முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டை வாங்கினாள். துணியை விலக்கினாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நாலு உருண்டை ஒட்டுறது இந்த ஊர்ல என் வீட்டுல மட்டும்தான் சார்."

ஞானசிகாமணி தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திருநெல்வேலிக்கே அல்வாவா? என் பண்டம் ஐயர் வீட்டுக்கு ஆகலன்னா, வாசல்லயே சொல்லியிருக்கலாமே."

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். அதுதான் அவரை வதைத்தது. மூன்று வருஷம் கழித்துத் திறந்த கதவைத் தன் கையாலேயே அடைத்துவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் தங்கபாய் கரண்டியோடு தலையில் கை வைத்தாள். ஐயர் ஏணியைவிட்டு இறங்கினார்.

"ஐயா, கேக் வச்சு வேற தட்டு கொண்டுபோறேன். முறுக்கும் வைக்கேன். மன்னிப்பும் கேட்டுட்டு..."

"இன்னொரு தட்டு போச்சுன்னா அது அபராதம் கட்டின மாதிரி சார். கையை வீசிக்கிட்டு வாரும்."

"வெறுங்கையோடவா?"

"வெறுங்கையோடதான்."

ரெத்தினபாய் வீட்டு வாசலில் நின்று ஐயர் குரல் கொடுத்தார்.

"அக்கா, ரெண்டு பேர் பசியோட வந்திருக்கோம்."

பசி என்று வந்தவனைத் திருப்பி அனுப்ப அந்த ஊர்ப் பெண்களுக்குக் கை வராது. கதவு திறந்தது. ஐயர் உத்தரவு கேட்காமல் போய் உட்கார்ந்து, மேசைமேல் அதே கோலத்தில் இருந்த நீலப்பூத் தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார். ரெத்தினபாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், நடந்ததைச் சொல்லும்," என்றார் ஐயர், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

ஞானசிகாமணி அழகாக நாலு வார்த்தை சொல்லத் தேடினார். ஒன்றும் சிக்கவில்லை. உண்மைதான் மிச்சம் இருந்தது.

"எல்லார் வீட்டுப் பண்டத்தையும் நான் ஒண்ணாக் கொட்டிட்டேம்மா. உங்களுக்கு இருக்கதுலயே நல்லதா வைக்கச் சொன்னாங்க. பொறுக்கிப் பாத்தேன். தின்னும் பாத்தேன். இருக்கதுலயே நல்லது இதுதான்."

ரெத்தினபாய் சுவரை விட்டு அவரைப் பார்த்தாள்.

"மத்தது?"

"மத்ததுல சிலது பல்லுக்கு வேலை வைக்கும்மா."

"தங்கபாய் போட்டது?"

ஞானசிகாமணி ஐயரைப் பார்த்தார். ஐயர் கூரையைப் பார்த்தார்.

ரெத்தினபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஞானசிகாமணி பதறிப்போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காப்பி போடுதேன், இருங்க," என்றாள். அடுக்களைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆராதனை நாலரைக்குத்தானே?"

மறுநாள் இருட்டோடு இருட்டாகக் கோயில் நிரம்பிவிட்டது. நட்சத்திரத்தில் பல்பு எப்படியோ எரிந்தது. உள்ளறையில் ஐயரும் ஞானசிகாமணியும் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே முதல் பாட்டை ஒரு பெண்குரல் எடுத்துக் கொடுத்தது. ஆர்மோனியம் பின்னால் ஓடி வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"ஐயா, நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே."

மூலையில் காணிக்கைத் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஐயர் மேலே இருந்த ஒன்றை எடுத்துத் துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"இதுல இனிமே விழப்போறதெல்லாம் யார் வீட்டுப் பண்டம், சார்?"

"கடவுள் வீட்டுப் பண்டம்தான் ஐயா," என்றார் ஞானசிகாமணி.

"வாராவாரம் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்புதோம்," என்றார் ஐயர். "ஒருநாளாவது கதவைச் சாத்தியிருக்காரா?"