முள்ளம்பன்றி வேல்விழியும் பறப்பியல் இடமும்

ஒரு காட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் போதும், யாரும் யாரையும் "சாப்பிட்டாயா?" என்று கேட்கமாட்டார்கள். "ரேங்க் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். அந்த வருஷம் கணக்கிலும் அறிவியலிலும் காட்டுக்கே முதல் ரேங்க் எடுத்தவள் ஒரு முள்ளம்பன்றிப் பெண். பெயர் வேல்விழி.

முதல் ரேங்க் என்றால் பறப்பியல்தான் எடுக்க வேண்டும். எப்படிப் பறப்பது என்று சொல்லித்தரும் படிப்பு அது. சேருகிறவருக்குச் சிறகு இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். போன வருஷம் முதல் ரேங்க் வாங்கிய முயல் அதில்தான் சேர்ந்தது. பாவம், இன்றைக்கும் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டுகிறது. ஆனாலும் அதன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க பையன் பறப்பியலாக்கும்!" என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறாள்.

வேல்விழிக்கோ மண்ணியல்மேல் ஆசை. போன மழையில் கிழக்குச் சரிவு அப்படியே வழுக்கி இறங்கி, அவள் சித்தப்பா வீட்டு வளையை மூடிவிட்டது. இரண்டு நாள் தோண்டித்தான் எல்லாரையும் உயிரோடு எடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் மூங்கில் குழாயில் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றுவாள். அது கீழே இறங்க எத்தனை மூச்சு நேரம் ஆகிறது என்று எண்ணுவாள். எவ்வளவு மழையைச் சரிவு தாங்கும், எப்போது விழும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கத்தான் வேண்டும். அதைக் கற்றே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவளுக்கு டியூஷன் எடுத்தவர் நரி சார். அவர் என்ன செய்தார் தெரியுமா? இவளை ஒரு வார்த்தை கேட்காமல் தன் குகை வாசலில் பெரிய பலகை மாட்டிவிட்டார். "எங்கள் மாணவி வேல்விழி! முதல் ரேங்க்! பறப்பியல்!"

கலந்தாய்வு நாள் வந்தது. காடே பாறை மேட்டில் கூடியிருந்தது. பதிவாளர் ஆமை தலையை நீட்டி விதியைச் சொன்னது.

"வேண்டிய படிப்பை இலையில எழுதுங்க. சேற்றுல காலை நனைச்சு, இலைமேல வையுங்க. யார் கால்தடமோ அவருக்குத்தான் இடம். தடம் விழுந்துட்டா யார் வந்தாலும் மாத்த மாட்டேன்."

நரி சார் இதை எங்கே கேட்டார்? வந்தவர்களிடம் தன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். வேல்விழியின் முறை வந்ததும் ஓடிவந்து ஓர் இலையை நீட்டினார்.

"எல்லாம் நானே எழுதிட்டேன். நீ காலை மட்டும் வை."

வேல்விழி படித்துப் பார்த்தாள். பறப்பியல் என்று இருந்தது.

"சார், நான் மண்ணியல்னு சொன்னேனே?"

"மண்ணைத் தோண்டறதுக்கா முதல் ரேங்க் வாங்கினே? அதுக்கு ஒரு படிப்பு வேறயா? உங்க பாட்டன் பூட்டன் எல்லாம் படிச்சிட்டா தோண்டினாங்க?"

"படிக்காமத்தான் சார் தோண்டினாங்க. அதனாலதான் புதைஞ்சாங்க."

கூட்டம் சலசலத்தது. அவள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சார் நல்லதுக்குத்தானே சொல்றாரு? சொந்தக்காரங்க கேட்டா நான் என்னம்மா சொல்வேன்?"

"மண்ணியல்னு சொல்லுங்கப்பா. சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. அவள் நரியைப் பார்த்துத் திரும்பினாள்.

"முள்ளம்பன்றி பறக்குமா சார்?"

"பறப்பியல் படிச்சவங்க எல்லாம் பறந்தே ஆகணுமா என்ன? அந்தப் பேரு போதாதா?"

"அவ்வளவு நல்ல படிப்பா?"

"கண்ணை மூடிக்கிட்டுக் காலை வைக்கலாம்!"

"நீங்க வைப்பீங்களா?"

மரத்தின்மேல் இருந்த குரங்குகள் "அப்படிக் கேளு!" என்று கத்தின.

"சொல்லுங்க சார். இத்தனை வருஷமா அடுத்தவங்க காலைத்தான் வைக்கச் சொல்றீங்க. ஒரு தடவை உங்க காலை வையுங்க, பார்ப்போம். பயமா இருந்தா வேண்டாம்."

காடே பார்த்துக்கொண்டிருக்க ஒரு பொடிப்பெண் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்பதா? நரி சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கா பயம்? இதோ பார்!"

சேற்றில் காலை முக்கி, இலைமேல் ஓங்கி ஒரே குத்து!

ஆமை இலையை நிதானமாக இழுத்துப் பார்த்தது. "பறப்பியல். கால்தடம், நரி. இடம் கொடுத்தாச்சு."

"யோவ்! அது அவளுக்கு எழுதின இலை!"

"தடம் உங்களோடது. விதியை அப்பவே சொன்னேன். நாளைக்குக் காலையில கழுகுப் பாறைக்கு வந்துடுங்க. முதல் பாடம், மேலேயிருந்து குதிக்கிறது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு கழுகுகள் வந்து, புது மாணவருக்கு ஆளுக்கொரு பக்கம் மரியாதையாக நின்றுகொண்டன. நரி சாருக்கு வால்வரை வேர்த்தது.

வேல்விழி ஒரு புது இலை எடுத்து, அதில் மண்ணியல் என்று எழுதினாள். அப்பா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"இன்னொரு தடவை யோசிச்சுக்கோம்மா. முதல் ரேங்க் வீணாப் போயிடுமே?"

"அப்பா, ரேங்கா வகுப்புல போய் உட்காரப் போகுது? நான்தானே உட்காரப் போறேன்?"

அவள் சேற்றில் காலை நனைத்து, இலையின் நடுவில் அழுத்தி வைத்தாள். சின்னத் தடம்தான், ஆனால் ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தது.

"மண்ணியல். வேல்விழி. இடம் கொடுத்தாச்சு" என்றது ஆமை.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "ஐயோ, மண்ணியலா?" என்றது ஒரு குரல்.

அப்பா திரும்பினார். உடம்பில் இருந்த அத்தனை முள்ளும் சிலிர்த்து நின்றது.

"ஆமா, மண்ணியல்தான். அதுக்கு என்ன இப்போ?"

நீதி: படிக்கப் போகிறவர் யாரோ, படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரும் அவரே.