விளக்கு வைத்த பின் ஒரு வாய்

"என் மகளைச் சாப்பிடச் சொல்லுங்க டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பூங்கொடி வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னாள். பாயைக்கூட விரிக்கவில்லை.

டீச்சர் சன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் சாப்பாட்டுக் கூடத்தில்தான் யோகா வகுப்பு, முகூர்த்தம் இல்லாத நாட்களில், காலை ஐந்தரைக்கு. முந்தின நாள் விசேஷம் நடந்திருந்தால், மூச்சை உள்ளே இழுக்கும்போது சாம்பார் வாசமும் சேர்ந்தே வரும்.

"சிந்துவுக்கு என்ன ஆச்சு?"

"முப்பத்துநாலு கிலோங்க. பதினேழு வயசுப் புள்ளை. படி ஏறினா மூச்சு வாங்குது. மூணு மாசமா மாசவிலக்கு நின்னுபோச்சு. திங்கக்கிழமை மறுபடி எடை பார்க்கிறேன், இன்னும் குறைஞ்சிருந்தா பெட்ல சேர்த்துத்தான் ஆகணும்னு ஈரோட்டு டாக்டர் சொல்லிட்டாரு. இருதயம் தாங்காதாம்."

"நீங்க சொன்னாக் கேக்கலியா?"

"கேட்டா நான் எதுக்குங்க இங்க வந்து நிக்கறேன்? உங்க பேரைச் சொல்லித்தானே பட்டினி கிடக்கறா!"

கோகிலவாணி டீச்சருக்கு வயது நாற்பத்தொன்று. பூங்கொடிக்கு நாற்பத்தேழு. ஆனால் என்ன, சிஷ்யை சிஷ்யைதான். ஆறு வருடத்தில் அவள் டீச்சரிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

டீச்சர் சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் எதுவும் போதித்ததில்லை. அதுதான் வினையே. போதித்திருந்தால் நம் ஜனம் பாதியைக் கேட்டு, மீதியைக் காற்றில் விட்டிருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு சிஷ்யை வீட்டு வளைகாப்பு. சாயங்காலம் பந்தி போட்டார்கள். டீச்சர் வெந்நீர் மட்டும் வாங்கிக் குடித்தார். எல்லோரும் வற்புறுத்தியபோது, "விளக்கு வெச்சதுக்கப்புறம் எனக்கு ஆகாதுங்க" என்றார்.

மறுவாரம் பன்னிரண்டு பேருக்கு ஆகாமல் போயிற்று. அடுத்த மாதம் நாற்பது பேருக்கு.

டீச்சர் சேலை கட்டமாட்டார். சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று ஒரு பருத்திக் குர்தா. கழுத்தோடு வெட்டின முடி. காதில், கையில் ஒன்றும் கிடையாது. நாற்பது பேரும் சாம்பலுக்கு மாறினார்கள். கடைவீதி ஜவுளிக்கடையில் அந்த நிறத்துக்கு 'டீச்சர் கலர்' என்றே பேர் விழுந்துவிட்டது. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோருமாகப் படியிறங்கும்போது, மறுநாள் கல்யாணத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்ட பெண்வீட்டுக்காரர்கள் எதிரே வந்தார்கள். பெண்ணின் அத்தை அப்படியே நின்றுவிட்டாள். "நல்ல காரியத்துக்கு வர்றப்ப இதென்ன, எழவு வீட்டுக் கூட்டமாட்ட!" என்று முணுமுணுத்தாள். சிஷ்யைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

இப்போதும் அப்படித்தான், முகத்தில் எதுவும் இல்லாமல் பூங்கொடியைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்க, பூங்கொடியக்கா?"

"நான் ராத்திரி சாப்பிடறதில்லைங்களே டீச்சர்!"

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட இல்லீங்க. எங்க மாமியார் கருமாதி அன்னிக்கு அத்தனை சனம் சொல்லியும், பச்சைத் தண்ணி பல்லுல படலீங்க."

சொல்லும்போது பூங்கொடியின் முதுகு தானாக நிமிர்ந்தது. மகள் சாகக் கிடக்கிற நேரத்திலும் அந்தப் பெருமை மட்டும் எங்கேயும் போகவில்லை, பாருங்கள்.

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டீச்சர்?"

டீச்சர் அடுத்த சன்னலைத் திறக்கப் போனார்.

"ஒரு வார்த்தைதானுங்க கேட்டேன்."

"பாயை விரிங்க" என்றார் டீச்சர். "மத்தவங்க வர்ற நேரம்."

அன்று வகுப்பு பாதியிலேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்த பூங்கொடி, பாயைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

"என்னாச்சு? சொன்னாங்களா?" என்றார் ராசப்பன். அவள் புருஷன். மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளை.

"ஒண்ணும் சொல்லல."

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்காங்க?"

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிச்சு. பூனையைப் பாத்து குட்டியும் போட்டுக்கிச்சு. வயித்துக்கு வஞ்சகம் பண்ணாதீங்கன்னு ஆறு வருசமா கத்தறேன். எவ கேட்டா?"

கத்தினார் என்பது கொஞ்சம் அதிகம். ஆறு வருடமாக அவர் ராத்திரி பூங்கொடி ஆக்கி வைத்ததைத் தானே சுடவைத்து, தானே போட்டு, சமையல்கட்டில் நின்றபடியே சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவார். எதிரே உட்கார ஆள் இல்லாதவனுக்கு உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. விடிந்தால் எடை.

கூடத்தில் சிந்துஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாம்பல் குர்தா. டீச்சர் மாதிரியே வெட்டின முடி, அதுவும் இப்போது சீப்போடு கொத்தாக வருகிறது. மடியில் புத்தகம். ஒரு மணி நேரமாக ஒரே பக்கம்.

பூங்கொடி விளக்கேற்றிவிட்டுக் கஞ்சியை எடுத்துவந்தாள்.

"ஒரே ஒரு வாய், சாமி."

"விளக்கு வெச்சாச்சும்மா."

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போகணும்..."

"டீச்சர் இப்பச் சாப்பிடுவாங்களா?"

பூங்கொடி கஞ்சியை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"நீ ராத்திரி மட்டுந்தான் விட்டிருக்கே. நான் காலையிலயும் விட்டுட்டேன்" என்றாள் சிந்துஜா. கோபமே இல்லாத குரல். பரீட்சையில் அம்மாவைவிட இரண்டு மார்க் கூட வாங்கினவள் பேசுகிற மாதிரி இருந்தது. பூங்கொடி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

அந்த வளைகாப்புக்குப் பிறகு டீச்சர் யார் வீட்டுக்கும் பொழுது சாய்ந்து போனதில்லை. சிந்துஜா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குழிந்த முகம் அப்படியே மலர்ந்தது.

"வாங்க டீச்சர்! அம்மா, வெந்நி கொண்டா!"

"வெந்நி வேண்டாம் கண்ணு" என்றார் டீச்சர். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "பூங்கொடியக்கா, சோறு இருக்குதுங்களா?"

பூங்கொடிக்குப் புரியவில்லை.

"அரிசிம்பருப்புச் சோறுதான் வெச்சேனுங்க. அவருக்கு."

"போடுங்க."

தட்டு வந்தது. ஒரு கரண்டிச் சோறு, அதன்மேல் நெய். ஆவி பறந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வினாடி மூச்சை அடக்குகிறவர், மூன்றே வினாடியில் மூச்சிரைத்தார். நெற்றி வேர்த்துவிட்டது.

"டீச்சர், விளக்கு வெச்சாச்சு!" என்றாள் சிந்துஜா.

"தெரியும்."

கை சோற்றைப் பிசைந்தது. வாய்க்குப் போனது. மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்கியதும் சட்டென்று எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

அவர் வாந்தியெடுக்கிற சத்தம் கூடம்வரை கேட்டது. ராசப்பன் சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

குழாய் திறந்து மூடியது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அக்கா."

"வேண்டாங்க டீச்சர்..."

"போடுங்க."

"ஏன் டீச்சர்?" சிந்துஜா கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். "எதுக்கு உங்க விரதத்தைக் கெடுத்துக்கறீங்க? அம்மா ஏதாச்சும் சொல்லிச்சா?"

"எனக்கு ஒரு பையன் இருந்தான்" என்றார் டீச்சர். "நாலு வயசு. கவின்னு பேரு."

பூங்கொடிக்கு இது தெரியாது. ஆறு வருடத்தில் டீச்சர் என்ன சாப்பிடுகிறார், என்ன உடுத்துகிறார், எத்தனை மணிக்கு எழுகிறார் என்று துருவித் துருவிக் கேட்டவளுக்கு, வீட்டில் யார் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

"அன்னிக்கு அரிசி ஆட்டி சந்தகை புழிஞ்சிருந்தேன். இதே நேரந்தான். விளக்கு வெச்சுட்டு அவனுக்கு ஊட்டினேன். ரெண்டு வாய் தின்னுட்டு ஓடிட்டான். சரி, விளையாடட்டும்னு நான் உக்காந்து சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் ஊத்தி, நிதானமா. ரொம்ப ருசியா இருந்துச்சு. ரெண்டாந்தரமும் போட்டுக்கிட்டேன்."

டீச்சரின் விரல்கள் சோற்றிலேயே இருந்தன.

"வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால். தண்ணி விட்டு ரெண்டு நாள்தான் ஆயிருந்துது."

சிந்துஜா மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"அவன் என் முந்தானையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே திரிவான். அதுக்கப்புறம் சேலை கட்ட முடியல. சீவறதுக்கு மனசில்ல, முடியை வெட்டிட்டேன். விளக்கு வெச்சா தொண்டை அடைச்சிக்கும். பதினாலு வருசமா. மூச்சு விடவே முடியாமப் போகத்தான், ஒரு டாக்டர் சொல்லி யோகா கத்துக்கிட்டேன். வேற ஒண்ணுமில்ல கண்ணு."

"இதை ஏன் எங்ககிட்டச் சொல்லவே இல்ல?"

இதைக் கேட்டது பூங்கொடி. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

டீச்சர் தலையைத் தூக்கவில்லை.

"பார்த்துட்டுத்தான் இருந்தேன் அக்கா. ஒவ்வொருத்தரா என்னை மாதிரி ஆனீங்க. சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. ஒருத்தியா பட்டினி கிடந்தா அது நோவு. நாப்பது பேர் கூட இருந்தா விரதம்னு நம்பிக்கலாம். எனக்கு அது ஆறுதலா இருந்துது."

அடப்பாவமே என்று இருந்தது பூங்கொடிக்கு. அதற்கு மேலே ஆத்திரமும் வந்தது. உன் ஆறுதலுக்கு என் பிள்ளையா கிடைத்தாள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவளும்தானே ஆறு வருடம் நிமிர்ந்த முதுகோடு நடந்தாள்.

டீச்சர் இரண்டாவது வாய் எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். உடம்பு உதறியது. ஒரு கையால் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சோறு உள்ளே நின்றது.

மூன்றாவது வாய் பாதியில் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது.

போதும் டீச்சர் என்று சொல்லப் பூங்கொடிக்கு வாய் வந்தது. ஆனால் சிந்துஜாவின் கண் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டாள். பெற்றவளுக்குத் தன் பிள்ளைதான் பெரிது, என்ன செய்ய?

"கண்ணு" என்றார் டீச்சர். "ஒத்தையில முடியல. கூட உக்கார்றியா?"

சிந்துஜா அசையவில்லை.

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ராசப்பன் நிலையைப் பிடித்தபடி நின்றார். டீச்சர் கையில் சோற்றுடன் காத்திருந்தார்.

கடைசியில் அந்தப் பெண் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். தள்ளாடிக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு தட்டு.

ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள், வெறும் தட்டாக.

சோறு போட்டு நெய் ஊற்றியிருந்த இன்னொன்றைப் பூங்கொடியின் முன்னால் தள்ளினாள்.

"முதல்ல நீ சாப்பிடும்மா."